டாஸ் தோற்றால் ஆட்டமே போச்சா?

"டாஸ் போச்சு சார். அப்பவே மேட்ச்சும் போச்சு."

வேனின் பின்னிருக்கையிலிருந்து இதைச் சொன்னவன் எங்கள் பள்ளிக் கிரிக்கெட் அணியின் தலைவன். ஐந்தாம் படிவ மாணவன். பள்ளிகளுக்கிடையிலான ஒரு 20 ஓவர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேன் புக்கிட் ரோத்தானைத் தாண்டி ஈஜோக் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. மழை விட்டும் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவன் சொன்னதில் பாதி உண்மை. எதிரணி டாஸ் வென்று முதலில் மட்டை பிடித்தது. நாங்கள் ஆட வந்தபோது வானம் கறுத்து, தூறலில் திடல் நனைந்து, அடித்த பந்தெல்லாம் புல்லில் சிக்கி நின்றது. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். தூறல் விழுவதற்கு முன்பே எங்கள் பையன்கள் கைக்கு வந்த மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டிருந்தார்கள். காசு கீழே விழுந்த நொடியிலேயே பதினொரு பேரின் தோளும் சேர்ந்து தொங்கியதை எல்லைக்கோட்டில் நின்ற நான் பார்த்தேன்.

நான் கணித ஆசிரியன். கிரிக்கெட்டைப் புறப்பாட நடவடிக்கையாக என் தலையில் கட்டினார்கள், பிறகு அதுவே பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. நம் தோட்டங்களில் பந்து என்றால் காற்பந்துதான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிரிக்கெட் என்பது தென்னை மட்டையைச் சீவி, லயத்துக் கோடியில் சாயங்காலம் ஆடுவது மட்டுமே. அதனால் அவன் சொன்னதைக் கணக்காக எடுத்துக்கொண்டேன். டாஸ் உண்மையில் எவ்வளவு முக்கியம்? 20 ஓவர் ஆட்டத்தை விடுங்கள். டாஸின் செல்வாக்கு அதிகம் என்று எல்லாரும் சொல்லும் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம் என்று அவனிடம் சொன்னேன். "தேடிப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றான். இரண்டு வாரம் இருவரும் தேடினோம். தேடியதில் கிடைத்தவை இவை.

முதலில் காசு. தமிழில் "பூவா, தலையா" என்கிறோம். நம் நாட்டுக் காசில் தலை ஏது? பிரிட்டிஷ் காலத்துக் காசுகளில் மன்னர் தலையும், பிறகு அரசியார் தலையும் இருந்தன. சுதந்திர மலேசியாவின் காசில் 1967இல் நாடாளுமன்றக் கட்டடம் வந்தது. 1989இல் வந்த இரண்டாம் வரிசை 50 சென் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் வாவ் பட்டம். ஆகவே நம் பையன்கள் "பூவா, பட்டமா" என்றுதான் கேட்க வேண்டும். என் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட ஒரு பழைய 50 சென் உண்டு. எங்கள் பயிற்சி ஆட்டங்களுக்கு அதுதான்.

டெஸ்ட்டில் டாஸ் எப்படி நடக்கும்? ஆட்டம் தொடங்குவதற்கு 30 நிமிடத்துக்கு முன்னதாகப் போடக்கூடாது, 15 நிமிடத்துக்குப் பிந்தவும் கூடாது என்பது விதி. திடலுக்குள்ளேதான் போட வேண்டும். சொந்த நாட்டு அணியின் கேப்டன் காசைச் சுண்ட, வந்த அணியின் கேப்டன் பூவா தலையா சொல்வது வழக்கம். வென்றவர் முதலில் மட்டை பிடிப்பதா, பந்து வீசுவதா என்று முடிவு செய்கிறார். அவருக்குக் கிடைப்பது அந்தத் தேர்வு மட்டுமே, ஓர் ஓட்டம்கூட இலவசமாகக் கிடைப்பதில்லை.

காசு நேர்மையானதா என்றும் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஐரோப்பாவில் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை காசைச் சுண்டிப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மீண்டும் மேலே விழுந்தது ஏறக்குறைய 50.8 விழுக்காடு. பெர்சி டியாகோனிஸ் என்ற கணித வல்லுநரும் அவருடைய நண்பர்களும் 2007லேயே இயற்பியல் கணக்குப் போட்டு 51 விழுக்காடு வரும் என்று சொல்லியிருந்தார்கள். சுண்டுமுன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தெரியாதவருக்கு இது பாதிக்குப் பாதிதான். தெரிந்தவருக்கு மயிரிழை லாபம். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் பையன்கள் எதிரணிக் கேப்டனின் கட்டைவிரலை உற்றுப் பார்க்கிறார்கள்.

சரி, தேர்வு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகுமுன், இரவு மழை பெய்திருந்தால், வீட்டுக்கு எதிரே இருந்த மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடி மங்குக்கு வராது, மரம் முழுக்க வழிந்து வீணாகும். காய்ந்துவிடும் என்று தோன்றினால் கத்தியை எடுப்பார். காயாது என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதே மரம், அதே கத்தி, அதே கை. ஈரம் மட்டும்தான் வேறு.

டெஸ்ட் ஆடுகளமும் அப்படித்தான். முதல் நாள் காலையில் மண்ணில் ஈரம் இருந்தால், பந்து தையலில் பட்டு அங்குமிங்கும் விலகும், வேகப்பந்து வீச்சாளருக்குக் கொண்டாட்டம். ஈரம் காய்ந்தபின் இரண்டாம், மூன்றாம் நாள்களில் மட்டை பிடிப்பவர்களுக்கு நல்ல காலம். அதற்குப் பின் வெயிலில் மண் வெடிக்கும். பந்து வீச ஓடிவருபவர்களின் ஆணிக்காலணி பட்டுப் பட்டு ஆடுகளத்தின் ஓரம் சொரசொரப்பாகும். சுழற்பந்து அந்த இடத்தில் விழுந்தால் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. நான்காவது இன்னிங்ஸ் ஆடும் அணி இந்தப் பாழடைந்த தரையில்தான் ஓட்டம் எடுக்க வேண்டும். ஆசிய நாடுகளில் டாஸ் வென்றவர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் மட்டை பிடிப்பதற்கு இதுவே காரணம். முற்காலத்தில் மழை பெய்தாலும் ஆடுகளத்தை மூடாமல் விடும் வழக்கம் இருந்தது. அப்போது அதிர்ஷ்டத்தின் பங்கு இன்னும் பெரிது.

பையன் முதலில் தன் கட்சிக்குச் சாட்சி தேடினான். அவனுக்கு நல்ல சாட்சியே கிடைத்தது. 2019 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு வந்து மூன்று டெஸ்ட் ஆடியது. மூன்றிலும் அதன் கேப்டன் பாஃப் டூ பிளெசி டாஸ் தோற்றார். இந்தியா முதல் இன்னிங்ஸில் விசாகப்பட்டினத்தில் 7 விக்கெட்டுக்கு 502, புனேயில் 5 விக்கெட்டுக்கு 601, ராஞ்சியில் 9 விக்கெட்டுக்கு 497 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. வெயிலில் நாள் முழுக்கப் பந்துக்கு ஓடிய களைப்போடு தென்னாப்பிரிக்க வீரர்கள் மட்டை பிடிக்க வந்தார்கள். ராஞ்சியில் டூ பிளெசி தன் கைராசியை நம்பாமல், பூவா தலையா சொல்லத் தெம்பா பவுமாவைக் கூடவே அழைத்து வந்தார். அந்த டாஸும் போயிற்று. தென்னாப்பிரிக்கா 162, 133 என்று சுருண்டு, ஓர் இன்னிங்ஸ், 202 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது.

"பாருங்க சார்" என்று அவன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கிரிக்கெட்டை நடத்துபவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. இங்கிலாந்தின் மாவட்டப் போட்டிகளில் 2016 முதல் ஒரு மாற்றம் செய்தார்கள். வந்த அணியின் கேப்டன் முதலில் பந்து வீச விரும்பினால் டாஸே கிடையாது, வீசலாம். விரும்பாவிட்டால்தான் டாஸ். சொந்தத் திடலில் பச்சைப் புல்லை விட்டுத் தங்களுக்கு வசதியான ஆடுகளம் தயாரிப்பதைத் தடுப்பதும், சுழற்பந்து வீச்சாளர்களுக்கு வாய்ப்புத் தருவதும் நோக்கம். 2019 வரை அது நடந்தது, 2020இல் பழைய டாஸ் திரும்பியது. அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தின் கிரிக்கெட் குழு, அனில் கும்ப்ளே தலைமையில் 2018 மே மாதம் மும்பையில் கூடி, டெஸ்ட்டில் டாஸை எடுத்துவிடலாமா என்று பேசியது. வேண்டாம், டாஸ் இருக்கட்டும், ஆடுகளங்களை ஒழுங்காகத் தயாரியுங்கள் என்று முடிவு செய்தது. என் கருத்தும் அதுதான். குறை காசில் இல்லை, மண்ணைத் தயாரிக்கும் விதத்தில்.

பிறகு என் முறை. எல்லாத் திடலையும் தேட நேரமில்லை, நமக்குத் தெரிந்த ஒரு திடலை எடுத்துக்கொள்வோம் என்று சேப்பாக்கத்தைச் சொன்னேன். சென்னை எம்.ஏ. சிதம்பரம் திடல். சூடு, புழுதி, சுழல். டாஸ் தோற்றால் கதை முடிந்தது என்று பெயர் வாங்கிய இடம். 2008 டிசம்பரிலிருந்து 2024 வரை அங்கே நடந்த டெஸ்ட்டுகள் ஆறு. கணிதப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னேன்.

2008 டிசம்பர். இங்கிலாந்து டாஸ் வென்று மட்டை பிடித்தது. ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். நான்காவது இன்னிங்ஸில், அந்தப் பாழடைந்த தரையில், இந்தியாவுக்கு இலக்கு 387. சேவாக் 68 பந்தில் 83 அடித்து வழி திறக்க, டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103. இந்தியா 6 விக்கெட்டில் வென்றது. டாஸ் வென்றவர் தோல்வி.

2013 பிப்ரவரி. ஆஸ்திரேலியா டாஸ் வென்று 380. அஷ்வின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட், தோனி 224. இந்தியா 8 விக்கெட்டில் வெற்றி. டாஸ் வென்றவர் தோல்வி.

2016 டிசம்பர். இங்கிலாந்து டாஸ் வென்று 477 எடுத்தது. 477 எடுத்தால் தோற்க முடியுமா? முடிந்தது. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759, கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. இங்கிலாந்து அடுத்து 207இல் சுருண்டு, ஓர் இன்னிங்ஸ், 75 ஓட்டங்களில் தோற்றது. இந்த இடத்தில் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

2021 பிப்ரவரி, முதல் டெஸ்ட். இங்கிலாந்து டாஸ் வென்றது, ஜோ ரூட் 218, மொத்தம் 578. 227 ஓட்டங்களில் இங்கிலாந்து வெற்றி. டாஸ் வென்றவருக்கு வெற்றி. அதே மாதம், அதே திடல், இரண்டாவது டெஸ்ட். இந்தியா டாஸ் வென்றது. முதல் நாளிலிருந்தே பந்து திரும்பியது. ரோகித் சர்மா 161. இங்கிலாந்து 134, 164. இந்தியா 317 ஓட்டங்களில் வெற்றி. மீண்டும் டாஸ் வென்றவருக்கு வெற்றி. "இது என் கணக்கு சார்" என்று அவற்றைக் கட்டம் கட்டிக்கொண்டான். விட்டேன். ஆனால் அந்த இரண்டாவது டெஸ்ட்டில், எல்லாரும் தடுமாறிய தரையில், எட்டாவதாக இறங்கிய உள்ளூர்க்காரர் அஷ்வின் 106 அடித்ததையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அந்த 106ஐ காசு எடுத்துக் கொடுக்கவில்லை.

2024 செப்டம்பர். வங்காளதேசம் டாஸ் வென்று, சேப்பாக்கத்தில் பழக்கமில்லாத காரியமாகப் பந்து வீசத் தீர்மானித்தது. மீண்டும் அஷ்வின் 113, இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட். இந்தியா 280 ஓட்டங்களில் வெற்றி.

ஆறில் டாஸ் வென்றவர் வென்றது இரண்டு, தோற்றது நான்கு. இன்னொரு விதமாகப் பாருங்கள். இந்த ஆறில் இந்தியா டாஸ் தோற்றது ஐந்து முறை. ஆட்டத்தை வென்றதும் ஐந்து முறை!

கணித ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கை. ஆறு ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. டாஸ் தோற்பது நல்லது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். இந்தியா சொந்த மண்ணில் வலுவான அணி, டாஸைவிட அந்த வலு பெரிது என்பதைத்தான் இந்த ஆறும் காட்டுகின்றன. இரண்டு அணிகளும் சமமாக இருந்தால் டாஸ் தராசைச் சாய்க்கலாம். ஒன்று பெரிதாக ஓங்கியிருந்தால் சாய்ப்பது கடினம். அதே சேப்பாக்கத்தில் 1986இல் டாஸ் வென்ற ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 எடுத்தும் வெல்லவில்லை. கடைசி ஓவரில் இந்தியாவின் கடைசி விக்கெட் விழுந்து ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படிச் சமனில் முடிந்தவை இரண்டே இரண்டு.

அடுத்து, தொடர்ந்து டாஸ் தோற்றால்? 2025 ஜூன் முதல் ஆகஸ்டு வரை இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட். டெஸ்ட் அணிக்குப் புதிதாகத் தலைமையேற்ற சுப்மன் கில் ஐந்து டாஸையும் தோற்றார். ஐந்து முறை தொடர்ந்து தோற்க வாய்ப்பு 32இல் 1. வகுப்பில் 32 மாணவர்கள் ஆளுக்கு ஐந்து முறை காசு சுண்டினால் யாராவது ஒருவருக்கு வரக்கூடியதுதான். சந்தேகமிருந்தால் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். நான்கு தோற்றபின் ஐந்தாவது "வந்தே தீரும்" என்பதும் பொய். காசுக்கு ஞாபகசக்தி கிடையாது. தொடரின் முடிவு என்ன? 2-2. பர்மிங்ஹாமில் டாஸ் தோற்று மட்டை பிடிக்க அனுப்பப்பட்ட கில், 269, 161 என்று அடித்தார். இந்தியா 336 ஓட்டங்களில் வென்றது. ஓவலில் நடந்த கடைசி டெஸ்ட்டில் 6 ஓட்டங்களில் வென்றது.

டாஸ் வென்றும் கெட்டவர்கள் உண்டு. 2002 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்தின் நாசர் ஹுசேன் டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை மட்டை பிடிக்கச் சொன்னார். அன்று மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 364. தோல்வி 384 ஓட்டங்களில். 2005இல் பர்மிங்ஹாமில் ரிக்கி பாண்டிங் செய்ததும் இதுவே. ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியில் மெக்ரா ஒரு பந்தை மிதித்துக் கணுக்காலைப் புண்ணாக்கிக்கொண்டார். முதன்மை வீச்சாளர் இல்லாமலும் பாண்டிங் தன் திட்டத்தை மாற்றவில்லை. இங்கிலாந்து ஒரே நாளில் 407. ஆஸ்திரேலியா 2 ஓட்டத்தில் தோற்றது. காசு இரண்டு பேருக்கும் உதவியாகத்தான் விழுந்தது. பட்டையில் கை வைத்துப் பார்த்த விதம்தான் தவறு.

இவ்வளவும் எழுதி முடித்தபோது ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரம்தான் பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவன், மேரு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், சித்தப்பா மோட்டாரில் கூட்டிப்போய்க் காட்டினார், எஸ்.பி.எம். எழுதாமலே சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள் என்றான். அவன் அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். அப்பா இல்லை.

"தோட்டத்துல பொறந்ததே டாஸ் தோத்த மாதிரிதானே சார்?"

வேனில் அவன் சொன்னதும் இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வாரமாக நான் கிரிக்கெட் பேசியிருக்கிறேன், அவன் பேசியது வேறு. சட்டென்று பதில் வரவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. நானும் அந்த லயத்தில்தான் பிறந்தேன். மண்ணெண்ணெய் விளக்கும், ஒரே மேசையில் நான்கு பிள்ளைகள் படித்ததும், பட்டணத்துப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போன நேரத்தில் நாங்கள் ஒட்டுப்பால் எடுத்ததும் எனக்குத் தெரியும். டாஸ் இருக்கிறது. அது சமமாக விழுவதில்லை. இதை மறைத்துப் பேசும் பெரியவர்களைப் பையன்கள் நம்புவதில்லை, நம்பவும் வேண்டாம்.

அதனால் அவனிடம் இன்னொரு டாஸைப் பற்றிச் சொன்னேன். 1998 ஆகஸ்டு 27, இலண்டன் ஓவல். இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க டாஸ் வென்றார். மட்டை பிடிக்க அருமையான தரை. சுழற்பந்தை நம்பும் அணி முதலில் மட்டை பிடித்து, கடைசி நாளுக்குச் சுழலை வைத்துக்கொள்வதுதான் முறை. ரணதுங்க இங்கிலாந்தை மட்டை பிடிக்கச் சொன்னார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். இங்கிலாந்து 445 எடுத்தது. அந்த இன்னிங்ஸில் முத்தையா முரளிதரன் 59.3 ஓவர் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். முதலில் வீசியதால் முரளிக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும். இலங்கை மட்டை பிடிக்கும் நேரமெல்லாம் அவர் உட்கார்ந்திருக்கலாம். அதுதான் ரணதுங்கவின் கணக்கு. ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152, இலங்கை 591. ஓய்வெடுத்து வந்த முரளி இரண்டாவது இன்னிங்ஸில் 54.2 ஓவர் வீசி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். ஓர் ஆட்டத்தில் 16 விக்கெட். இலங்கை 10 விக்கெட்டில் வெற்றி. டாஸை எல்லாரும் தரையைப் பார்த்துத் தீர்மானிக்க, ரணதுங்க தன்னிடமிருந்த ஆளைப் பார்த்துத் தீர்மானித்தார்.

அடுத்த மாதமே நம் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது, கிரிக்கெட்டும் இருந்தது. சுங்கை பூலோ ரப்பர் ஆய்வுக் கழகத் திடலிலும் ஆட்டங்கள் நடந்தன. பால்மரத்துக்கென்று உண்டான இடத்தில் அனைத்துலகக் கிரிக்கெட்! இது சும்மா ஒரு தகவல்.

முரளியின் தாத்தா 1920இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் என்பதையும் பையனிடம் சொன்னேன். நம் பாட்டன், பூட்டன் கப்பலேறி இங்கே வந்த அதே காலம். கண்டியில் பிறந்த அந்தப் பேரன் டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தார், வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

பையன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு தொலைபேசியில் ஏதோ தேடினான்.

"அவரோட அப்பா கண்டியில பிஸ்கட் தொழிற்சாலை வச்சிருந்தாரே சார். அப்புறம் எப்படி அவரு டாஸ் தோத்தவரு?"

சிரித்துவிட்டேன். சரியான பந்து, நடுக்குச்சியில் பட்டது. உண்மைதான், முரளி டாஸ் தோற்றவர் இல்லை. தோற்றவர் தாத்தா. தோட்டத்துக்கு வந்தவருக்கும் பேரன் 1992இல் முதல் டெஸ்ட் ஆடியதற்கும் இடையே 72 ஆண்டு. அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் மாவு பிசைந்து, அடுப்பு மூட்டி, பிஸ்கட் விற்றிருக்கிறார். அவர் பெயரில் விக்கெட் எதுவும் இல்லை. இதை அவனிடம் சொன்னேன். "அப்ப நான் பிஸ்கட்டா சார்?" என்றான். இருவருமே சிரித்தோம். அவன் முகத்திலிருந்து என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வீட்டுப் பக்கமிருக்கும் தென்னமரம் தோட்டத்தைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான். எல்லாரும் பால்மரத்தின் பின்னால் ஓடிய காலம் அது. இன்று ஈஜோக்கிலிருந்து தஞ்சோங் காராங் வழி எங்கே பார்த்தாலும் செம்பனை. நெல் வயலைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. பின்னாளில் அவர் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். "அவரு தோட்டத்தோட முதலாளி சார்" என்றான் பையன். அதுவும் சரி. அவன் எதையும் சும்மா ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குணம் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்துக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன்.

அம்மாவைப் போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்தார். "அவன் படிக்கணும்னுதான் ஆசை ஐயா. கரண்டு பில்லு காத்திருக்குமா?" என்றார். பள்ளியில் பேசித் தேர்வு முடியும்வரை சில ஏற்பாடுகள் செய்தோம். பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அவன் வீட்டிலிருந்து மோட்டாரில் போகும் தூரம்தான், ஆறாம் படிவமும் உண்டு, பாலிடெக்னிக்கும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன தேர்ச்சி வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் சேர்ந்து நிரப்பினோம். தொழிற்சாலைக்காரர்களிடம் எஸ்.பி.எம். முடிந்தபின் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை.

போன சனிக்கிழமை இன்னொரு ஆட்டம். சிமெண்டுத் தரையில் பாய் விரித்த ஆடுகளம், அது முதல் ஓவரிலும் கடைசி ஓவரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் மேற்கே, கடல் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. எதிரணித் தலைவன் காசைச் சுண்டினான். எங்கள் பையன் அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு "பூ" என்றான். பட்டம் விழுந்தது. அவர்கள் பந்து வீசப்போவதாகச் சொன்னார்கள்.

அவன் குனிந்து பாயின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான்.

"மழைக்கு முன்னாடி அடிக்கணும்டா, சீக்கிரம் பேட் கட்டுங்க!"